கேட்பதா, பார்ப்பதா, நடித்துக் காட்டுவதா, விட்டுப் பார்ப்பதா? புதிய தொழில்நுட்பத்துக்கு ஏற்ற பயனர் ஆய்வு எது

ஐந்தாறு பேர் கொண்ட ஒரு சிறிய குழு. கையில் ஆறு மாதச் சம்பளத்துக்கான பணம். தமிழில் பேசினால் கேட்டுப் பதில் சொல்லும் ஒரு சேவையை உருவாக்க வேண்டும் என்பது திட்டம். விவசாயிக்குச் சந்தை விலை சொல்வதா, மளிகைக் கடைக்காரருக்குக் கடன் கணக்கு எழுதித் தருவதா, முதியவருக்கு ஓய்வூதிய விண்ணப்பத்தை நிரப்பித் தருவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளும் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியும் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஒரு வாரத்தில் ஓரளவு ஓடும் ஒன்றைக் கட்டிவிடலாம். அப்படியிருக்கப் பயனர் ஆய்வுக்கென ஒதுக்கும் நாட்களையும் பணத்தையும் எதில் போடுவது?

இந்தக் கேள்வியை எழுப்பும் குழுக்கள் பெரும்பாலும் ஒரு விடையையும் கையோடு வைத்திருக்கின்றன: சில நூறு பேருக்கு இணையப் படிவம் அனுப்பிக் கருத்துக் கேட்கலாம் என்பது அது. இருக்கும் வழிகளிலேயே புதிய தொழில்நுட்பத்துக்கு மிகக் குறைவாக உதவுவது அந்த வழிதான் என்று நினைக்கிறேன். ஏன் என்பதையும், மற்ற வழிகளில் எது எப்போது பலன் தரும் என்பதையும் எடுத்து வைக்கிறேன்.

பழகிய ஒரு பொருளை மேம்படுத்தும்போது பயனரிடம் அனுபவம் இருக்கிறது. ரயில் முன்பதிவுச் செயலியில் எந்த இடத்தில் எரிச்சல் வருகிறது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார். இதுவரை இல்லாத ஒன்றைப் பற்றிக் கேட்டால் அவரால் கற்பனையிலிருந்துதான் பேச முடியும். கற்பனையில் நாம் எல்லோரும் நல்ல பழக்கம் உள்ளவர்கள். நேரத்தோடு மருந்து சாப்பிடுகிறோம், தினமும் இரவு கணக்கு எழுதிவைக்கிறோம். ஆகவே ஆய்வு முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் குழு தனக்கே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: நமக்கு எது தெரியவில்லை? மக்கள் இன்று எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதா, இந்தப் பொருள் கைக்கு வந்ததும் என்ன செய்வார்கள் என்பதா, பல மாதம் கூடவே இருந்தால் அவர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் என்ன ஆகும் என்பதா? இந்த மூன்றுக்கும் விடை தேடும் வழிகள் வேறு வேறு. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் ஒப்படைக்கும்போதுதான் பணம் வீணாகிறது.

கேட்பது

நேர்காணலும் கருத்துக்கணிப்பும் மலிவானவை. வேகமாக முடிகின்றன. முதலீட்டாளரிடம் காட்ட ஒரு சதவீதமும் கிடைக்கிறது. இவற்றின் மேல் உள்ள ஈர்ப்புக்கு இதுவே காரணம்.

இவற்றின் பலவீனத்தை நம் அருகிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். நிக்கோலா டெல் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் பெங்களூரில் 450 நேர்காணல்கள் நடத்தி, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே மாதிரியான இரண்டு பொருட்களைக் காட்டி, அவற்றில் ஒன்று நேர்காணல் எடுப்பவர் உருவாக்கியது என்று தெரியும்படி செய்தார்கள். பதில் சொன்னவர்கள் அந்தப் பொருளை விரும்புவதாகச் சொல்லும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு இருந்தது. கேட்டவர் மொழிபெயர்ப்பாளர் துணையோடு வந்த வெளிநாட்டவர் என்றால் அது ஐந்து மடங்கானது. வேண்டுமென்றே தரத்தைக் குறைத்து, பார்த்தாலே மோசம் என்று தெரியும் பொருளைக் காட்டியபோதும் கேட்டவருடையதே சிறந்தது என்றார்கள்.

நம் ஊரில் வளர்ந்த யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது. நகரத்திலிருந்து மடிக்கணினியோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து, “எங்கள் செயலி எப்படி இருக்கிறது அம்மா?” என்று கேட்பவரிடம், “நன்றாக இருக்கிறது தம்பி” என்று சொல்வதுதான் மரியாதை. அந்தப் பதில் பொய்யல்ல. அது விருந்தோம்பல். அதை ஒரு விரிதாளில் ஏற்றி, ‘எண்பது சதவீதம் பேர் பயன்படுத்த விரும்புகிறார்கள்’ என்று எழுதும்போதுதான் பொய்யாகிறது.

கேட்பதை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. நடந்து முடிந்ததைக் கேட்டால் நேர்காணல் நன்றாக வேலை செய்யும். “இப்படி ஒரு சேவை வந்தால் பயன்படுத்துவீர்களா?” என்பதை விட்டுவிட்டு, “கடைசியாகப் பயிருக்கு நோய் வந்தபோது முதலில் யாரிடம் போனீர்கள்? அவர் என்ன சொன்னார்? எவ்வளவு செலவானது?” என்று கேட்கலாம். கருத்துக்கணிப்பும் ஏற்கெனவே இருப்பதை எண்ணுவதற்குப் பயன்படும். வீட்டில் எத்தனை பேர் ஒரே கைபேசியைப் பகிர்கிறார்கள், மாதம் எவ்வளவுக்கு ரீசார்ஜ் செய்கிறார்கள் போன்றவற்றுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் எதை எண்ண வேண்டும் என்பது தெரிந்த பிறகுதான் அதற்கு வேலை வருகிறது. எனவே கருத்துக்கணிப்பை வரிசையின் கடைசியில் வைப்பேன்.

பார்ப்பது

1980-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் லூசி சச்மன் என்ற மானிடவியலாளர் வேலை பார்த்தார். புதிதாக வந்த நகலெடுக்கும் இயந்திரம் சிக்கலாக இருக்கிறது என்று புகார்கள் வந்துகொண்டிருந்தன. விளம்பரமோ, பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும் என்றது. சச்மன் மக்களிடம் கருத்துக் கேட்கவில்லை. இயந்திரத்தின் முன் ஆட்களை நிறுத்தி, அவர்கள் பேசிக்கொண்டே அதனோடு மல்லுக்கட்டுவதைப் படம்பிடித்தார். அந்தப் படத்தில் திணறுபவர்களில் ஒருவர் ஆலன் நியூவெல், செயற்கை நுண்ணறிவுத் துறையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர். அவர் கூட இருந்தவர் கணினி மொழியியல் ஆய்வாளர் ரொனால்ட் கப்ளான். பயனருக்கு அறிவு போதாது என்று சொல்லித் தப்பிக்கும் வழி அந்த நிறுவனத்துக்கு அன்றோடு அடைபட்டது.

ஆனால் புதிய தொழில்நுட்பம் செய்பவர்களுக்குக் கள ஆய்வு தரும் பெரிய பரிசு வேறொன்று. வரப்போகும் பொருளின் நிழல் மக்களின் இன்றைய சமாளிப்புகளிலேயே விழுந்திருக்கும். நோக்கியா நிறுவனத்துக்காக ஜான் சிப்சேஸ் உகாண்டாவில் பார்த்துப் பதிவு செய்த ‘செண்டே’ என்ற வழக்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நகரத்தில் வேலை செய்யும் ஒருவர் கைபேசி ரீசார்ஜ் அட்டை வாங்குவார். அதைத் தன் எண்ணில் போட்டுக்கொள்ள மாட்டார். சொந்த ஊரில் தொலைபேசிக் கடை நடத்துபவரை அழைத்து, அட்டையில் உள்ள எண்ணைப் படித்துக் காட்டுவார். கடைக்காரர் அந்தப் பேச்சு நேரத்தைத் தன் கணக்கில் ஏற்றிக்கொண்டு, தன் கூலியைக் கழித்து, மீதியை அவருடைய குடும்பத்திடம் ரொக்கமாகக் கொடுப்பார். கைபேசி வழியாகப் பணம் அனுப்பும் சேவையை எந்த வங்கியும் தராத நிலையில், மக்களே அதைச் செய்து முடித்திருந்தார்கள். ‘கைபேசியில் பணம் அனுப்ப விருப்பமா?’ என்ற படிவத்தில் இது ஒருநாளும் வந்திருக்காது.

நம் பக்கத்திலும் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரியில், வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. இணையம் என்பதே நகரத்தில்கூடப் புதிதாக இருந்த காலம். மீனவ ஊரான வீராம்பட்டினத்துக்கு எது வேண்டும் என்று பார்த்தால், அன்றைக்குக் கடல் எப்படி இருக்கும் என்பதுதான். அலை உயரம் பற்றிய முன்கணிப்பு அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் கிடைத்தது. அதை இறக்கி, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர் கணினி முன்னால் வந்து உட்கார மாட்டார் என்பது அங்கே நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். செயற்கைக்கோள் காலத்துத் தகவல் கடைசி நூறு அடியைக் கோயில் திருவிழாக் குழாயில் கடந்தது. புதுமை என்று நான் மதிப்பது அந்தக் கடைசி நூறு அடியைத்தான்.

அதே திட்டத்தில் இன்னொன்றையும் கவனித்தார்கள். கணினியை யாருடைய இடத்தில் வைக்கிறோம் என்பதே யார் உள்ளே வரலாம் என்பதைத் தீர்மானித்துவிடும். ஆகவே தலித் மக்கள் உட்பட எல்லோரும் வரக்கூடிய பொது இடத்தை ஊர் தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். ஒரு பொருளின் வடிவமைப்பில் அதன் முகவரியும் ஒரு பகுதி என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது.

கள ஆய்வின் குறையும் தெளிவானது. அது இன்றைக் காட்டும், நாளையைக் காட்டாது. பார்ப்பவர் எதைத் தேடி வந்தாரோ அதையே பார்த்துவிட்டுப் போகும் ஆபத்தும் உண்டு. பேச்சுச் சேவை செய்யும் குழு களத்துக்குப் போனால் எல்லாச் சிக்கலும் பேச்சால் தீரக்கூடியதாகவே தெரியும். இதற்கு நான் சொல்லும் மருந்து எளியது. களத்துக்குப் போகும் இருவரில் ஒருவருக்காவது அந்தத் தொழில்நுட்பத்தில் பங்கோ பாசமோ இருக்கக் கூடாது.

நடித்துக் காட்டுவது

துறையில் ‘விசார்ட் ஆஃப் ஆஸ்’ முறை என்பார்கள். நான் திரைமறைவுச் சோதனை என்கிறேன். பொருள் இன்னும் இல்லை. இருப்பதுபோல் காட்டி, திரைக்குப் பின்னால் ஒரு மனிதர் அதன் வேலையைச் செய்கிறார். பயனர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்க்கிறோம்.

ஐபிஎம் ஆய்வாளர் ஜான் கூல்டும் அவருடைய குழுவினரும் 1983-இல் வெளியிட்ட ஆய்வு இதில் புகழ்பெற்றது. சொல்வதைக் கேட்டு எழுதும் தட்டச்சு இயந்திரம் அன்று கனவு. பங்கேற்றவர்கள் ஒலிவாங்கியில் கடிதம் சொல்லச் சொல்ல, வேறோர் இடத்தில் இருந்த தட்டச்சர் அதை அடித்தார். சொற்கள் திரையில் தோன்றின. இதில் நான் மிகவும் மதிப்பது அவர்கள் செய்த ஒரு கட்டுப்பாடு. இயந்திரத்துக்கு ஆயிரம் சொல்தான் தெரியும் என்று ஒரு முறை, ஐயாயிரம் தெரியும் என்று ஒரு முறை, எல்லாம் தெரியும் என்று ஒரு முறை. ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று ஒரு முறை, தொடர்ந்து பேசலாம் என்று ஒரு முறை. மனிதரின் திறமையை வேண்டுமென்றே இயந்திரத்தின் அளவுக்குக் குறைத்தார்கள். அதனால்தான், நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தாலும் கடிதம் எழுத அது சிலருக்குப் போதும் என்ற பயனுள்ள முடிவு கிடைத்தது. எந்த அளவு திறமை இருந்தால் போதும் என்பதை, அந்தத் திறமையைக் கட்டுவதற்கு முன்பே அறிந்துகொண்டார்கள்.

இன்றைய குழுக்கள் தவறுவது இந்த இடத்தில்தான். திரைக்குப் பின்னால் உட்காரும் மனிதர் மதுரைத் தமிழையும் நாகர்கோவில் தமிழையும் புரிந்துகொள்கிறார். பாதியில் நிறுத்திய கேள்வியை முடித்துக்கொள்கிறார். தெரியாததைத் தெரியாது என்கிறார். பயனர் மகிழ்கிறார், குழுவும் மகிழ்கிறது. பிறகு வரும் உண்மையான மென்பொருள் ஊர்ப் பெயரைத் தவறாகக் கேட்கிறது, மூன்று நொடி மௌனமாக இருக்கிறது, இல்லாத மானியத் திட்டம் ஒன்றை உறுதியான குரலில் சொல்கிறது. சோதித்தது ஒன்று, விற்கப்போவது வேறொன்று. எனவே மென்பொருள் எத்தனைக்கு எத்தனை தவறும் என்பதை முதலில் அளந்து, திரைமறைவு மனிதரும் அதே விகிதத்தில், அதே வகையில் தவற வேண்டும். தவறு நேரும்போது பயனர் மறுபடி கேட்கிறாரா, போனை மகனிடம் கொடுக்கிறாரா, கீழே வைத்துவிடுகிறாரா என்பதுதான் இந்தச் சோதனையில் கிடைக்கும் மிக விலையுயர்ந்த செய்தி. ஆனால் பூச்சிமருந்தின் அளவையோ கடன் தொகையையோ தவறாகச் சொல்லிச் சோதிக்கக் கூடாது. தவறு யாரையும் பாதிக்காத கேள்விகளையே அதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒப்பிட ஒரு பழைய போட்டியாளரையும் அறைக்குள் கொண்டுவர வேண்டும். குஜராத்தில் நீல் படேலும் சகாக்களும் விவசாயிகளுக்கான ஒரு தொலைபேசிச் சேவையில், பேசிக் கட்டளையிடுவதையும் எண்ணை அழுத்துவதையும் 45 பேரைக் கொண்டு ஒப்பிட்டு 2009-இல் வெளியிட்டார்கள். குறைவாகப் படித்தவர்களுக்குப் பேச்சுதான் இயல்பு என்பது இத்துறையில் பலர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட நம்பிக்கை. முடிவு மாறாக வந்தது. எண்ணை அழுத்தியவர்களே வேலையை அதிகம் முடித்தார்கள். எட்டாம் வகுப்புக்குக் குறைவாகப் படித்தவர்களிடமும் முப்பது வயதுக்குக் குறைந்தவர்களிடமும் அந்த வேறுபாடு இன்னும் கூடுதலாக இருந்தது. அதன் பிறகு பேச்சை அறியும் மென்பொருள் வெகுவாக முன்னேறியிருக்கிறது. இன்று அதே சோதனையைச் செய்தால் வேறு முடிவு வரலாம். ஆனால் பழைய வழியை எதிரில் நிறுத்தாமல் புதியதை மட்டும் சோதிக்கும் குழுவுக்கு எந்த முடிவும் வராது, பாராட்டு மட்டுமே வரும்.

பொருள் கையில் வைத்திருப்பதாக இருந்தால் செலவு இன்னும் குறைவு. ஜெஃப் ஹாக்கின்ஸ், பாம் பைலட் என்ற கையடக்கக் கணினியைக் கட்டுவதற்கு முன், அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது சந்திப்புக்கு நேரம் கேட்டால் கட்டையை எடுத்துக் குறிப்பதுபோல் நடிப்பார். பையில் அடங்குமா, எத்தனை முறை கை அதைத் தேடிப் போகிறது என்பதெல்லாம் மின்சுற்று எதுவும் இல்லாமலே தெரிந்துவிட்டது. பைலட் 1996-இல் வந்து வெற்றி பெற்றது.

திரைமறைவுச் சோதனையில் ஒரு நெறிக் கடமையும் இருக்கிறது. இயந்திரம் என்று நம்பி ஒருவர் தன் கடனையோ நோயையோ சொல்லும்போது, கேட்பது ஒரு மனிதர். சோதனை முடிந்த உடனே அதைச் சொல்லி, பதிவை வைத்துக்கொள்ளலாமா அழித்துவிடலாமா என்று கேட்க வேண்டும். தனிப்பட்ட தரவுக்கு ஒப்புதல் பெறுவதை 2023-ஆம் ஆண்டின் எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வலியுறுத்துகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது செய்ய வேண்டியதே.

முன்னே போய்விட்டவர்களைத் தேடுவது

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் வான் ஹிப்பல் 1986-இல் முன்வைத்த கருத்து இது. நாளை எல்லோருக்கும் வரப்போகும் தேவை சிலருக்கு இன்றே கடுமையாக இருக்கும். அவர்கள் காத்திருக்காமல் தாங்களே ஒரு தீர்வைச் செய்துகொண்டிருப்பார்கள். இந்த முன்னோடிப் பயனர்களைக் கண்டுபிடித்துச் சேர்ந்து வேலை செய்தால் போதும். 3எம் நிறுவனத்தில் இதை வழக்கமான முறையோடு ஒப்பிட்டு 2002-இல் வெளியான ஆய்வில், முன்னோடிப் பயனர்களின் வழியில் பிறந்த திட்டம் ஒன்றின் ஐந்தாம் ஆண்டு விற்பனை சராசரியாக 146 மில்லியன் டாலர் என்று கணித்தார்கள். வழக்கமான முறையில் வந்ததற்கு 18 மில்லியன். இவை கணிப்புகளே, கல்லாவில் விழுந்த பணமல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் இடைவெளி பெரிது.

தமிழ்ப் பேச்சுச் சேவைக்கு முன்னோடிப் பயனர் யார் என்று என்னைக் கேட்டால், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளோடு பல ஆண்டுகள் வாழ்ந்த பார்வையற்றவர்கள் என்பேன். குரல் வழியாக ஒரு முழு நாள் வேலையையும் செய்து முடிப்பவர்கள் அவர்கள். எங்கே குரல் நீளமாகிறது, எங்கே இடைமறிக்க முடியாமல் போகிறது என்பது அவர்களுக்கு உள்ளங்கை ரேகை போலத் தெரியும். உலகெங்கும் இலவசமாகப் பயன்படும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை 2006-இல் தொடங்கியவர்களே மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள்தான். ஆனால் ஒரு எச்சரிக்கை தேவை. இவர்கள் தேர்ந்தவர்கள். மற்றவர்கள் பின்தொடர முடியாத வேகத்தில் கேட்பார்கள், சிக்கலைப் பொறுத்துக்கொள்வார்கள். இவர்களிடம் பொருளை உருவாக்கக் கற்றுக்கொள்ளலாம். அது எல்லோருக்கும் எளிதா என்பதை இவர்களை வைத்து முடிவு செய்யக் கூடாது. உழைப்புக்கு உரிய ஊதியமும் தர வேண்டும், தேநீரும் நன்றியும் போதாது.

விட்டுப் பார்ப்பது

சிறிய அளவில் உண்மையாகவே வெளியிட்டு மாதக்கணக்கில் பார்ப்பது எல்லாவற்றிலும் செலவு மிக்கது. அதனால் மட்டுமே வெளிவரும் உண்மைகளும் இருக்கின்றன.

கென்யாவின் எம்-பெசா இன்று உலகறிந்த கைபேசிப் பணச் சேவை. அது பணம் அனுப்பும் சேவையாகத் திட்டமிடப்படவில்லை. வோடஃபோனில் நிக் ஹியூஸும் சூசி லோனியும், பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி நிதியின் துணையோடு, குறுங்கடன் வாங்கியவர்கள் தவணையைக் கைபேசியில் கட்டுவதற்காக அதை வடிவமைத்தார்கள். 2005 அக்டோபரில் நைரோபியிலும் திக்காவிலும் ஒரு குறுங்கடன் நிறுவனத்தின் சில நூறு வாடிக்கையாளர்களைக் கொண்டு முன்னோட்டம் தொடங்கியது. தவணை கட்டும் வேலை திணறியது, கடன் நிறுவனத்தின் கணக்கு முறையோடு அது சேரவில்லை. அதே நேரத்தில் மக்கள் வேறு வேலைகளைத் தொடங்கிவிட்டார்கள். ஒருவருக்கொருவர் பணம் அனுப்பினார்கள். வியாபாரிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்தார்கள். வங்கி மூடிய பிறகு அன்றைய வசூலை அதில் போட்டுவைத்துக் காலையில் எடுத்தார்கள். வழிப்பறிக்குப் பயந்து, பயணத்துக்கு முன் இங்கே செலுத்தி, போய்ச் சேர்ந்த ஊரில் எடுத்துக்கொண்டார்கள்.

குழுவின் பெருமை இதைக் கண்டதில் மட்டும் இல்லை. தங்கள் மூலத் திட்டத்தைக் கைவிடும் துணிவில் இருக்கிறது. 2007 மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனம் அதை நாடெங்கும் வெளியிட்டபோது விளம்பரம் ‘வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள்’ என்று மட்டும் சொன்னது. முன்னோட்டத்தை ‘தவணை கட்டினார்களா, இல்லையா’ என்று மட்டும் அளந்திருந்தால் தோல்வி என்று எழுதி மூடியிருப்பார்கள். திட்டமிடாத பயன்பாட்டைத் தேடிப் பதிவு செய்ய ஒருவரை நியமிக்காமல் முன்னோட்டம் நடத்தாதீர்கள் என்று ஒவ்வொரு குழுவிடமும் மன்றாடுவேன்.

குஜராத் விவசாயிகளின் சேவையும் இதே பாடத்தைத் தருகிறது. 51 விவசாயிகள் ஏழு மாதம் பயன்படுத்தினார்கள். அதில் மிகவும் விரும்பப்பட்டது, கேள்வி கேட்கவும் மற்றவர்களின் கேள்வி பதில்களைக் கேட்கவும் இருந்த பகுதி. நிபுணரின் அதிகாரபூர்வமான பதிலும் வேண்டும், சக விவசாயியோடு பேசவும் வேண்டும் என்ற இரட்டை விருப்பம் அங்கே தெரிந்தது. ஒரு மணி நேரச் சோதனையில் சமூகம் உருவாகாது, ஆகவே இதுவும் தெரியாது.

கேமராவும் சிறு திரையும் பொருத்திய மூக்குக்கண்ணாடியான கூகுள் கிளாஸின் கதை மறுபக்கம். 2013-இல் 1,500 டாலர் விலையில் ஆர்வலர்களுக்குக் கொடுத்தார்கள். அணிந்தவர்களின் கண்ணுக்கு அது எப்படி இருந்தது என்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கலாம். எதிரில் இருந்தவருக்கு எப்படி இருந்தது என்பதுதான் தெருவுக்கு வந்த பிறகு தெரிந்தது. தன்னைப் படம்பிடிக்கிறார்களோ என்ற சந்தேகம் எழுந்தது, சில உணவகங்களும் மதுக்கூடங்களும் தடை விதித்தன. 2015 ஜனவரியில் பொது விற்பனை நின்றது. 2017-இல் தொழிற்சாலைகளுக்கான வடிவமாகத் திரும்பி வந்து, 2023-இல் அதுவும் நிறுத்தப்பட்டது. பயனர் அல்லாதவரும் பாதிக்கப்படும் பொருள் என்றால், அவரை ஆய்வுக்குள் கொண்டுவரும் ஒரே முறை இதுதான். ஆனால் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில், உலகம் முழுவதும் செய்தியாகும்படி அதைச் செய்ய வேண்டியதில்லை. ஒரு தெருவும் ஒரு அலுவலகமும் போதுமானவை.

முதல் வாரத்து எண்களை நம்புவது இந்த முறையில் உள்ள பொறி. புதியது என்பதற்காகவே முதல் சில நாட்கள் எல்லோரும் பேசிப் பார்ப்பார்கள், குழந்தைகள் அதைப் பாடச் சொல்வார்கள். அந்த ஆரவாரம் அடங்கிய பின் யார் திரும்ப வருகிறார்கள் என்பதே கணக்கு. கட்டணம் சிறியதாக இருந்தாலும் வாங்கிப் பார்க்க வேண்டும். இலவசமாகக் கிடைப்பதைப் பற்றி மக்கள் தரும் தகவலுக்கும், பத்து ரூபாய் கொடுத்ததைப் பற்றித் தரும் தகவலுக்கும் தரத்தில் நிறைய வேறுபாடு உண்டு.

அந்த ஆறு மாதக் குழுவுக்கு

நான் அந்தக் குழுவில் இருந்தால் முதல் மூன்று வாரங்களைக் களத்தில் செலவிடுவேன். விவசாயி, கடைக்காரர், முதியவர் என்ற மூவரில் யார் ஏற்கெனவே ஏதோ ஒரு சுற்றுவழியில் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று தேடுவேன். கடைக்காரர் தனக்குத்தானே வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பிக் கடன் கணக்கு வைத்திருந்தால், செண்டேயைப் போல அது ஒரு நிழல். அங்கேதான் நிற்பேன். அடுத்த ஏழெட்டு வாரம் திரைமறைவுச் சோதனை. தவறும் மனிதர் ஒரு பக்கம், நோட்டுப் புத்தகமும் எண் அழுத்தும் வழியும் மறுபக்கம். நோட்டுப் புத்தகம் வென்றால் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டுக் களத்தில் பார்த்த இரண்டாவது ஆளிடம் போவேன். மீதியுள்ள மாதங்கள் ஒரே ஊரில், கட்டணத்தோடு முன்னோட்டம். மொழி மாதிரிகள் மலிவாகிவிட்டதால் நேராக முன்னோட்டத்துக்கே தாவிவிடலாம் என்ற ஆசை வரும். ஓடும் பொருளைக் காட்டிவிட்டால் பேச்செல்லாம் அந்தப் பொருளைச் சுற்றியே போகும், தேவையைப் பற்றிப் பேச்சே எழாது. பெங்களூர் ஆய்வின் இரண்டரை மடங்கு அங்கே காத்திருக்கிறது.

வாடிக்கையாளர்கள் நிறுவனங்களாக இருந்தால் வரிசையை மாற்றி, முன்னோடிப் பயனர்களிடமிருந்து தொடங்குவேன். தொழிற்சாலையிலோ ஆய்வகத்திலோ தானே கருவியை வெட்டி ஒட்டிப் பயன்படுத்தும் ஒரு பொறியாளர் நிச்சயம் இருப்பார்.

மருத்துவச் சாதனம் என்றால் விட்டுப் பார்க்கும் வழி தொடக்கத்திலேயே அடைபட்டிருக்கிறது. உயிரோடு விளையாட முடியாது. அங்கே போலி அறை, போலி நோயாளி, உண்மையான செவிலியர் என்று நடித்துப் பார்ப்பதுதான் முதன்மை வழி. ஐந்து பேரைச் சோதித்தால் பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்ற, நீல்சனும் லாண்டாவரும் 1993-இல் தந்த கணக்கையும் அங்கே கொண்டுபோகக் கூடாது. அது வடிவமைக்கும்போது குறைகளைத் தேடுவதற்கான கணக்கு. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் 2016 வழிகாட்டுதல், இறுதிச் சோதனையில் ஒவ்வொரு வகைப் பயனரிலும் குறைந்தது 15 பேர் வேண்டும் என்கிறது. செவிலியர், மருத்துவர், வீட்டில் பார்த்துக்கொள்ளும் உறவினர் என்று மூன்று வகை இருந்தால் 45 பேர். ஆறு மாதப் பணத்தில் அது அடங்காது. அப்படியானால் பொருளைச் சுருக்குவதுதான் வழி, முதலில் ஒரே வகைப் பயனருக்கு மட்டும்.